மூன்று சத்தியங்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பெருமுக்கல் வந்துவிடும். சுற்றிலும் சமவெளி. நடுவே பாறைகளை அடுக்கி வைத்ததுபோல ஒரு மலை. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில். சுவரெல்லாம் சோழர் காலத்துக் கல்வெட்டுகள்.

அந்த மலையில் ஒரு குகை இருக்கிறது. ஊரில் அதற்குச் 'சீதை குகை' என்று பெயர். ராமன் காட்டுக்கு அனுப்பிய சீதை, வால்மீகி முனிவரின் ஆசிரமத்தில் தங்கியது இங்கேதான், லவனும் குசனும் பிறந்ததும் இங்கேதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குகைப் பாறையில் பழங்கால மனிதர்கள் கீறிவைத்த உருவங்களும் உண்டு.

கணவனைப் பிரிந்து, பிள்ளைகளோடு அடுத்தவர் வாசலில் அடைக்கலம் புகுந்த ஒரு பெண்ணின் கதையைக் காலங்காலமாகச் சொல்லிவரும் மலை இது. இதே சீமையில், இன்னொரு பெண்ணும் அப்படித்தான் பிள்ளையோடு புகலிடம் தேடிப் போனாள். அது புராணம் அல்ல. தேதியோடு எழுதிவைக்கப்பட்ட வரலாறு. நடந்தது 1740-ல்.

ஒரு நாற்காலி, இரண்டு குடும்பங்கள்

அப்போது இந்தப் பகுதி ஆற்காட்டு நவாப்பின் ஆட்சியில் இருந்தது. நவாப் தோஸ்த் அலிகான். அவருக்கு ஒரு மருமகன். பெயர் ஹுசைன் தோஸ்த் கான். நாம் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பெயர் சந்தா சாஹிப்.

சந்தா சாஹிப் அரண்மனையில் சும்மா உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இல்லை. குதிரை ஏறிய நாள் முதல் போர்தான். தென்னாட்டுப் பாளையங்களில் கப்பம் வசூலிக்கப் படையோடு போவதுதான் அவருடைய வேலை. பேச்சில் வல்லவர், துணிச்சல்காரர் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருந்தது.

திருச்சியில் அப்போது ராணி மீனாட்சி ஆட்சி செய்துவந்தார். மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ஆட்சியாளர். விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் விதவை. பிள்ளை இல்லை. அரியணைக்கு உறவுக்காரர் ஒருவர் உரிமை கொண்டாடினார். உள்வீட்டுச் சண்டை முற்றியபோது, உதவிக்கு என்று படையோடு வந்தவர் சந்தா சாஹிப்.

ராணி அவரை எளிதில் நம்பவில்லை. சத்தியம் கேட்டார். சந்தா சாஹிப் திருக்குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம் செய்தார். ராணிக்கு எந்தத் துரோகமும் செய்யமாட்டேன் என்பது வாக்கு. ஆனால் பட்டுத் துணிக்குள் இருந்தது குர்ஆன் இல்லை, வெறும் செங்கல் என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு பேச்சு உண்டு. செங்கல் கதை உண்மையோ கட்டுக்கதையோ, பின்னால் நடந்தது உண்மை. 1736-ஐ ஒட்டி திருச்சிக் கோட்டை சந்தா சாஹிப் கைக்குப் போனது. ராணி மீனாட்சி விஷம் குடித்து உயிரை விட்டார்.

இது முதல் சத்தியம். கொடுத்தவரே உடைத்தது.

ஓடிவந்த பல்லக்குகள்

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1740-ல் ரகோஜி போன்ஸ்லே தலைமையில் மராட்டியப் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. இன்றைய சித்தூர்ப் பக்கம் தாமல்செருவு கணவாயில் நவாப் தோஸ்த் அலி அவர்களை எதிர்த்து நின்றார். மே 20-ஆம் தேதி போர். நவாப் களத்திலேயே இறந்தார். அவருடைய மகன் ஒருவரும் அங்கேயே மாண்டார்.

செய்தி ஆற்காட்டுக்கு வந்ததும் அரண்மனைப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். தாங்கக்கூடிய கோட்டை அருகில் எது? பலரும் நினைத்தது புதுச்சேரியை. பிரெஞ்சுக்காரர்களின் மதில் சூழ்ந்த துறைமுகம் அது. ஆற்காட்டுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட சீமையின் ஊடாக, கத்திரி வெயிலில், யானைகளும் பல்லக்குகளும் வண்டிகளும் ஓடின. ஐந்தாம் நாள், மே 25-ஆம் தேதி, நவாப்பின் விதவை தன் குடும்பத்தோடு புதுச்சேரி வாசலில் வந்து நின்றார். அடைக்கலம் வேண்டும் என்றார். சந்தா சாஹிபின் மனைவியும் மகனும்கூட அந்த நகரத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள்.

புதுச்சேரி ஆளுநர் பெனுவா துமா. அவர் முன்னால் இருந்த கேள்வியை யோசித்துப் பாருங்கள். கதவைத் திறந்தால் மராட்டியப் படை நேராக இங்கே வரும். நகரத்தில் இருப்பவர்கள் வியாபாரிகள், நெசவாளர்கள், குடும்பஸ்தர்கள். மூடினால்? நாளைக்கு எந்த நவாப் குடும்பமும் பிரெஞ்சுக்காரரை நம்பாது. ஆலோசனைச் சபை கூடியது. பயமும் பேசியது, கணக்கும் பேசியது. கடைசியில் கதவு திறந்தது. வந்தவர்களைப் பீரங்கி மரியாதையோடு வரவேற்றார்கள்.

இதில் கருணை மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, 1739-ல், காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்ததே சந்தா சாஹிப் செய்த உதவியால்தான். பட்ட கடன் ஒன்று பாக்கி இருந்தது. ஆனால் கடனைத் திருப்பித் தர மறுக்கும் ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. துமா மறுக்கவில்லை.

"அவர்களை ஒப்படையுங்கள்"

இறந்த நவாப்பின் மகன் சப்தர் அலி. சந்தா சாஹிபுக்கு மைத்துனர் முறை. அவர் மராட்டியரோடு சமாதானம் செய்துகொண்டு நவாப் ஆனார். அந்தச் சமாதானத்துக்குள் ஒரு ரகசியப் பேச்சு இருந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். திரும்பி வந்து திருச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மராட்டியருக்குச் சைகை காட்டியதே மைத்துனர்தான் என்பது அது. மாப்பிள்ளையின் வளர்ச்சி மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

1740 செப்டம்பரில் இருவரும் புதுச்சேரிக்கு வந்தார்கள். சப்தர் அலி தன் வீட்டாரை ஆற்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். சந்தா சாஹிப் அப்படிச் செய்யவில்லை. மனைவியையும் பிள்ளையையும் துமாவின் பாதுகாப்பிலேயே விட்டுவிட்டு, தனியாகத் திருச்சிக்குக் குதிரை ஏறினார். மைத்துனர் பேச்சில் ஏதோ நெருடியிருக்க வேண்டும். வந்தால் சண்டை திருச்சிக்குத்தான் வரும், அந்தச் சண்டைக்குள் குடும்பம் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்த ஒரு சிப்பாயின் கணக்கு அது.

அன்று வாசலில் விடைபெற்றபோது, அடுத்த சந்திப்புக்கு ஒன்பது வருஷம் ஆகும் என்று இருவருக்குமே தெரிந்திருக்காது.

அந்த ஆண்டு முடிவதற்குள் மராட்டியப் படை திரும்பி வந்தது. பரங்கிப்பேட்டை சூறையாடப்பட்டது. ரகோஜி புதுச்சேரிக்குக் கடிதம் அனுப்பினார். பழைய கப்பப் பாக்கி வேண்டும். அத்தோடு சந்தா சாஹிபின் மனைவி, மகன், நகைகள், யானைகள், குதிரைகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

துமா பதில் எழுதினார். எங்கள் நாட்டில் தங்கம் வெள்ளி விளைவதில்லை, இரும்பும் வீரர்களும்தான் உண்டு என்பது அந்தப் பதிலின் சாரம். அடைக்கலம் கேட்டு வந்த பெண்ணை ஒப்படைப்பதைவிட இங்கிருக்கும் பிரெஞ்சுக்காரர் எல்லோரும் சாவது மேல் என்றும் சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. மதில்களைச் சீர்செய்தார். தானியம் சேர்த்தார். சுமார் 1,200 ஐரோப்பியரைப் படையில் திரட்டினார். உள்ளூர் முஸ்லிம் வீரர்கள் சில ஆயிரம் பேருக்கு ஐரோப்பிய முறையில் ஆயுதப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் 'சிப்பாய்ப் படை' என்று இந்தியா முழுக்கப் பரவிய ஏற்பாட்டின் ஆரம்பங்களில் ஒன்று இது. ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் ஒப்படைக்க மறுத்ததில் அது வளர்ந்தது.

ரகோஜியின் தூதர் நகரத்துக்கு வந்தார். துமா அவருக்குப் பீரங்கிகளையும் கிடங்குகளையும் சுற்றிக் காட்டினார். போகும்போது பிரான்ஸிலிருந்து வந்த இனிப்பு மதுப் புட்டிகள் சிலவற்றைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். அந்தப் புட்டிகள் ரகோஜியின் கூடாரத்துப் பெண்மணிக்குப் போயின. அவருக்கு அந்த ருசி பிடித்துப்போய், இன்னும் வேண்டும் என்று கேட்டாராம். புதுச்சேரியோடு சண்டை போட்டால் புட்டி எங்கிருந்து வரும்? சமாதானம் பிறந்ததில் அந்தப் புட்டிகளுக்கும் பங்கு உண்டு என்று பழைய நூல்கள் சிரித்துக்கொண்டே சொல்கின்றன.

எப்படியோ, புதுச்சேரி தப்பியது. அந்தக் குடும்பமும் தப்பியது. துமாவுக்கு தில்லி பாதுஷாவிடமிருந்து நவாப் பட்டம் வந்தது. 4,500 குதிரைக்கான மன்சப் பதவியும் வந்தது.

இது இரண்டாம் சத்தியம். சாட்சிக்கு எந்த வேதப் புத்தகமும் வைக்காமல் கொடுத்தது. காப்பாற்றப்பட்டது.

சாத்தாரா

ஆனால் சந்தா சாஹிபின் தலைவிதி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மராட்டியர் போய்விட்டார்கள் என்று நம்பி, கோட்டையில் சேர்த்துவைத்திருந்த தானியத்தை அவர் விற்றுவிட்டார் என்று ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். எதிர்பாராமல் முற்றுகை வந்தது. வயிறு நிறைய வழியில்லை. உதவிக்குப் படையோடு வந்த உடன்பிறந்தவர் போரில் இறந்தார். அவருடைய உடலை ரகோஜி மரியாதையோடு அனுப்பிவைத்தார்.

சுமார் மூன்று மாதம் தாக்குப்பிடித்த பிறகு, 1741 மார்ச் 26-ஆம் தேதி திருச்சிக் கோட்டை சரணடைந்தது. சந்தா சாஹிபை மராட்டியர் சிறைபிடித்து சாத்தாராவுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு ஆண்டுச் சிறை.

இன்று புதுச்சேரியிலிருந்து சாத்தாராவுக்குப் போன் போட்டால் அரை நிமிஷத்தில் குரல் கேட்கும். அன்றைக்கு ஒரு சேதி போய்ச்சேர வேண்டுமென்றால் அஞ்சல்காரன் காடும் ஆறும் கடக்க வேண்டும். வழியில் மூன்று நான்கு பேரின் ராஜ்ஜியம். கடிதம் வந்தாலும் எழுதியது அவர்தானா, கட்டாயத்தில் எழுதியதா என்று சந்தேகம். சிறையில் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா என்பதையே வதந்தியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டிய காலம்.

இந்த ஏழு ஆண்டுகளில் மனைவியின் பிறந்த வீடு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1742-ல் அவருடைய சகோதரன் சப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் இருந்தவர் வேலூர்க் கோட்டைக் கிலேதார் முர்தசா அலி. அவரும் இந்த வீட்டு மாப்பிள்ளைதான். 1744-ல் சப்தர் அலியின் சிறுவயது மகன் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். தகப்பன், அண்ணன் தம்பிகள், மருமகன் என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நாற்காலி அன்வாருத்தீன் என்ற வேறொரு குடும்பத்துக்கு மாறியது.

உள்நாட்டுப் போர் என்றால் இதுதான். எதிரி வெளியே இருந்து வருவதில்லை. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான் எதிரி.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தப் பெண்ணை 'சந்தா சாஹிபின் மனைவி' என்றே குறிப்பிடுகின்றன. தோஸ்த் அலியின் மகள், சப்தர் அலியின் சகோதரி, ரஜா சாஹிபின் தாய். எல்லாம் யாரோ ஒருவருடைய உறவாகத்தான். ஆனால் இடையில் பையன் வளர்ந்து வாலிபனானான். அவனை வளர்த்தது களத்தில் இருந்த தகப்பன் இல்லை, அடைக்கலத்தில் இருந்த தாய்.

துமா 1741-ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்த ஆளுநர் துய்ப்ளே. கொடுத்த வாக்கு ஆள் மாறியும் மாறவில்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரியின் அன்றாட நடப்புகளை ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். 1736 செப்டம்பரில் ஆரம்பித்தது அது. பிள்ளை வியாபாரி, பின்பு துய்ப்ளேயின் துபாஷ். நவாப்புகள் வருவதும் போவதும், சரக்கு விலையும், கப்பல் வரவும், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதும் அதில் உண்டு. பெரிய போர்கள் சின்ன வீடுகளுக்குள் எப்படி நுழைந்தன என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த தமிழ் ஆவணம் இல்லை.

1748-ல் அந்தப் புகலிடத்துக்கே ஆபத்து வந்தது. அட்மிரல் போஸ்காவெனின் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. மதில் மீது குண்டுகள் விழுந்தன. மழைக்காலம் நெருங்கியதும் முற்றுகையை விலக்கிக்கொண்டார்கள். புதுச்சேரி மறுபடியும் பிழைத்தது.

இரண்டு மூன்று ஆண்டு வாழ்க்கை

அதே 1748-ல் சாத்தாராவின் கதவு திறந்தது. மராட்டியருக்குக் கொடுக்க வேண்டிய மீட்புப் பணத்துக்குத் துய்ப்ளே ஜாமீன் நின்றார். இதிலும் கருணையோடு கணக்கு இருந்தது. தன் சொல் கேட்கும் ஒரு நவாப் ஆற்காட்டில் வேண்டும் என்பது துய்ப்ளேயின் ஆசை.

விடுதலையானவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. வழியிலேயே படை சேர்த்தார். 1749 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆம்பூர்ப் போர். பிரெஞ்சுப் படையும் முசாபர் ஜங்கின் படையும் அவரோடு. வயது முதிர்ந்த நவாப் அன்வாருத்தீன் களத்தில் இறந்தார். அவர் மகன் முகமது அலி தப்பித்துத் திருச்சிக் கோட்டைக்குள் போய்ப் புகுந்துகொண்டார்.

வெற்றியோடு சந்தா சாஹிப் புதுச்சேரிக்கு வந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த முறை நவாப்பாக. தன் குடும்பத்தைக் காத்த நகரத்துக்கு நன்றியாக, சுற்றுப்புறத்தில் எண்பது கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் போருக்குப் பழகிப்போன ஆள் வீட்டில் எத்தனை நாள் தங்குவார்? முகமது அலி திருச்சியில் இருக்கும் வரை நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலேயர் முகமது அலி பக்கம், பிரெஞ்சுக்காரர் சந்தா சாஹிப் பக்கம். 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார். அந்த டிசம்பரில் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிப் பக்கத்தில் தன் பாசறையிலேயே கொல்லப்பட்டார். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரத்தில் எந்தப் படை எப்போது எந்தத் தெருவில் நுழையும் என்று சொல்ல முடியாத காலம். வயலில் நிற்பது நெல்லா, குதிரைத் தீனியா என்பதை வரும் படைதான் முடிவு செய்தது.

1751-ல் சந்தா சாஹிப் திருச்சியை முற்றுகையிட்டார். ராபர்ட் கிளைவ் அந்தப் பக்கம் போய் ஆற்காட்டைப் பிடித்தார். திருச்சியை விட்டு நகர முடியாத தகப்பன், ஆற்காட்டை மீட்க மகன் ரஜா சாஹிபை அனுப்பினார். ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. மகன் தோற்றார். பிரிந்திருந்து மறுபடி கூடிய குடும்பம், இரண்டு போர்முனைகளில் இரண்டாக நின்றது.

மூன்றாவது சத்தியம்

1752 ஜூன் மாதம். நிலைமை தலைகீழாகிவிட்டது. முற்றுகையிட்டவர்களே ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுத் தளபதி லா சரணடையத் தயாரானார். சந்தா சாஹிபின் ஆட்கள் சம்பளம் இல்லாமல் கலைந்து போய்விட்டார்கள்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர்த் தளபதி மானோஜி அதற்குச் சம்மதித்தார். காரைக்காலுக்குப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன் என்று சத்தியம் செய்தார். காரைக்கால் என்றால் பிரெஞ்சு மண். அங்கிருந்து புதுச்சேரிக்கு, வீட்டுக்கு. பதின்மூன்று வருஷம் முன்பு தானே பிரெஞ்சுக்காரருக்கு வாங்கிக் கொடுத்த ஊர், இப்போது அவருக்கு வீட்டுக்குப் போகும் வாசல்.

இரவில் சந்தா சாஹிப் தஞ்சாவூர்ப் பாசறைக்குப் போனார். பல்லக்கு காத்திருக்கும் என்று நினைத்தார். விலங்கு காத்திருந்தது. பிறகு அவருடைய தலை வெட்டப்பட்டு முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

கொலை நடந்த இடம் தளவாய் மண்டபம் என்றும், ராணி மீனாட்சிக்கு அவர் பொய்ச் சத்தியம் செய்த அதே இடம் அது என்றும் ஒரு வழக்கு உண்டு. மக்கள் இப்படிப்பட்ட கணக்கை நேர்செய்யாமல் விடமாட்டார்கள். இடம் ஒன்றாக இருக்கட்டும், வேறாக இருக்கட்டும். நம்பி வந்தவரை வாக்குக் கொடுத்து ஏமாற்றியது இரண்டு முறையும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 'செய்த வினை திரும்பி வந்தது' என்று நாம் ஒரு வரியில் முடித்துவிடலாம். புதுச்சேரியில் காத்திருந்த பெண்ணுக்கு அது ஒரு வரி இல்லை. ராணி மீனாட்சியை அவள் ஏமாற்றவில்லை. ரகசியப் பேச்சு எதிலும் அவள் இல்லை. தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் போருக்குக் கொடுத்தவள், கடைசியில் கணவனையும் கொடுத்தாள். போர் யாரிடம் கணக்கைத் தொடங்குகிறது, யாரிடம் வசூலிக்கிறது என்பதற்குப் பொருத்தமே இருப்பதில்லை.

பெருமுக்கல் பார்த்த மிச்சம்

சந்தா சாஹிப் போன பிறகும் போர் ஓயவில்லை. 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நோக்கி வந்தார். வழியில் இருந்த கோட்டைகளில் ஒன்று பெருமுக்கல். இங்கிருந்து புதுச்சேரி முப்பது கிலோமீட்டர் சுமார்தான். மலையைப் பிடித்தால் அந்தச் சாலை முழுக்கக் கண்ணுக்குள் வந்துவிடும். அதனால்தான் கடவுளும் முனிவரும் இருந்த மலையில் படைக்காரர்கள் மதில் எழுப்பினார்கள்.

பெருமுக்கல் விழுந்தது. 1761 ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். அதே மாதம் புதுச்சேரியும் விழுந்தது. வென்றவர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சந்தா சாஹிபின் குடும்பத்துக்குத் திறந்த மதில் வாசல்களும் அதோடு போயின. ரஜா சாஹிப் பிற்பாடு மைசூருக்குப் போய் ஹைதர் அலியிடம் பணிபுரிந்தார். ஹைதரின் போர் இந்தச் சீமைக்கு வந்தபோது, 1782-ல் பெருமுக்கல் மறுபடியும் கைமாறியது.

இந்தக் கோட்டைகளின் மதில் மேல் நின்ற சாதாரணச் சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஜாமீன் நிற்கத் துய்ப்ளே கிடையாது. அவர்கள் மனைவிமாருக்குப் பீரங்கி மரியாதை கிடையாது. நவாப் மனைவியின் பெயரே அரிதாக எழுதப்பட்ட ஏடுகளில், சிப்பாய் மனைவிக்கு இடம் ஏது? சந்தா சாஹிபின் குடும்பம் ஒன்பது ஆண்டு பிரிந்திருந்தது என்று நமக்குத் தெரிகிறது என்றால், தெரியாமல் போன பிரிவுகள் எத்தனை ஆயிரம் இருக்கும்!

இன்றைய வாசல்

பெருமுக்கல்லிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதன் ஓரத்தில் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களுக்கெல்லாம் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. இலங்கையில் 1983-ல் தொடங்கி 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில், கடல் கடந்து வந்த குடும்பங்கள் இவை. எத்தனையோ வீடுகளில் பாதிப் பேர் இந்தக் கரையில், பாதிப் பேர் அந்தக் கரையில்.

அந்தக் கரையில், கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பிப்ரவரியில் ஒரு போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் புகைப்படத்தோடு உட்கார்ந்த தாய்மார்களும் மனைவிமார்களும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இருக்கிறாரா, இல்லையா? சாத்தாராவிலிருந்து சேதி வருமா என்று பார்த்திருந்த பெண்ணின் கேள்வியும் அதுதான். முன்னூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகியும் கேள்வி மாறவில்லை.

திருச்சியில் நத்தர்வலி தர்கா இருக்கிறது. சந்தா சாஹிபின் அடக்கத்தலம் அங்கேதான். அவரை வென்று நவாப் ஆன முகமது அலிக்கும் அதே தர்காவில்தான் இடம். ஒரு நாற்காலிக்காக நாட்டையே களமாக்கிய இரண்டு பேரும் இப்போது ஒரே வளாகத்தில், ஒரே பாத்தியாவைக் கேட்டபடி.

அடுத்த முறை மரக்காணம் சாலையில் போகும்போது, பெருமுக்கல் மலையில் ஏறிப் பாருங்கள். சீதை குகைக்கும் போங்கள். பிள்ளையோடு வந்த பெண்ணுக்கு இடம் கொடுத்த ஒரு முனிவர் அங்கே நினைக்கப்படுகிறார். மலையில் மதில் கட்டிய தளபதிகளின் பெயர் ஊரில் யார் வாயிலும் வராது. சண்டையில் வென்றவர்களை ஏடு நினைவு வைத்திருக்கும். வாசலைத் திறந்தவர்களைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது.